ஆறு ரஸ்தாளியும் ஒரு தீர்மானமும்

பன்றிக்குப் படியளக்கிற சமுதாயம் ஒருநாளும் முன்னேறாது என்று சுகுமாறன் அறிவித்தார்.

அறிவித்தபோது அவருடைய வலது கையில் பாராங் கத்தியும் இடது கையில் பாதி கடித்த கறிபாப்பும் இருந்தன. இடம், தாமான் மெலோர் என்ற குடியிருப்பின் கடைசிப் பின்சந்து. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள் வழி தவறினால் மட்டுமே இந்தத் தாமானைப் பார்ப்பார்கள். பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தச் சந்தோரமாக ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. அதற்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுச் செம்பனை, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசை வரிசையாக நிற்கும்.

அன்று கோத்தோங் ரோயோங். தாமான்காரர்கள் எல்லாரும் கூடித் துப்புரவு செய்யும் ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் என்றால் பதினொரு பேர். அதில் நான்கு பேர் நாசி லெமாக் சோற்றுக்காக வந்தவர்கள். ஆனால் கூட்டத்தின் அளவைப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொள்கிற ஆள் சுகுமாறன் இல்லை. அவர் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர்.

“ரோமாபுரி ஏன் விழுந்துச்சு தெரியுமா? எல்லையில வந்து நின்னவனுக்கெல்லாம் சாப்பாடு போட்டு விழுந்துச்சு.”

ரோமாபுரியை வீழ்த்தியவர் அவருக்கு எதிரே காலிப் பேசனோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் முரியல். பக்கத்து வீடு. பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறார். தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, கேன்டீனில் மிஞ்சிய சர்க்கரைவள்ளித் தோல், பப்பாளித் தோல், வெள்ளரிக்காய் நுனி எல்லாவற்றையும் பேசனில் அள்ளிக்கொண்டு, சாக்கடைமேல் போட்ட பலகையைத் தாண்டி, செம்பனையின் மூன்றாவது வரிசையில் கொட்டிவிட்டு வருவார். காட்டுப்பன்றிகள் வந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். பன்னிரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

“அண்ணே, இது லஞ்சம் இல்ல, டோல்,” என்றார் முரியல். “நீங்க ராவாங்குக்கு வேலைக்குப் போக டோல் கட்டுறதில்லையா?”

“டோல் கட்டுனா ரோடு கிடைக்குது. பன்னிக்குக் குடுத்தா என்ன கிடைக்குது?”

“அது வராம இருக்குது லா.”

“வராத ஒன்னுக்கு எதுக்குச் சாப்பாடு?”

பன்னிரண்டு வருடத்தில் தாமானுக்குள் ஒரு பன்றியையும் யாரும் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அதற்குக் காரணம் சங்கத்தின் கட்டொழுங்கு என்று சுகுமாறன் நம்பினார். காட்டு விலங்குகளுக்கு உணவிடக் கூடாது என்ற தீர்மானம் எட்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது. மீதி இரண்டு பேர் கை கழுவப் போயிருந்தார்கள். எட்டில் ஒருவர் முரியலின் கணவர் பெர்னாட். லோரி ஓட்டுகிறவர். “அண்ணன் சொல்றது சரிதான்” என்று சொன்னால் எந்தக் கூட்டமும் பத்து நிமிடம் முன்னதாக முடியும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

முரியல் தோளைக் குலுக்கினார். “சரி. நாளையில இருந்து போடல.”

சுகுமாறன் தீர்மானத்தைத் தம் கையால் மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தம் வாழைகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

வாழைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சுகுமாறன் ராவாங்கில் ஒரு சாயத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்ட அதிகாரி. சரக்கு ஏற்றும் தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது அவர் தொழில். எதையும் அவர் அப்படித்தான் யோசிப்பார். மகள் விஷாலினிக்கும் சுங்கை சோவில் இருக்கும் ஷர்வினுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும், மண்டப வாசலில் கட்டுவதற்குப் பூவும் குலையுமாக இரண்டு வாழை மரம் வேண்டும் என்று எழுதி, அங்கிருந்து பத்து மாதம் பின்னால் போனார். தீபாவளிக்கு மறுநாள் என்று வந்தது. தீபாவளிக்கு மறுநாள், ஊரே மிஞ்சிய முறுக்கைத் தின்றுகொண்டிருந்தபோது, வரிசையின் மூலை வீடான தம் கோர்னர் லோட்டுப் பின்பக்கத்தில் ஆறு ரஸ்தாளிக் கன்றுகளை நட்டார். இரண்டு தேவைக்கு. இரண்டு கையிருப்புக்கு. இரண்டு கையிருப்புக்குக் கையிருப்பு. எக்செல்லில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கட்டம். ஆறும் பச்சை.

பரிசத்தன்று மாப்பிள்ளையின் அப்பா சிவானந்தம், அலங்காரக்காரன் காட்டிய படங்களைப் புரட்டியபடி, “இப்ப பிளாஸ்டிக்லயே நல்லா செய்றாங்க சம்பந்தி,” என்றார்.

“பிளாஸ்டிக் வாழைக்குக் கீழ என் மக நடக்க மாட்டா சம்பந்தி. நானே நட்ட மரம் நிக்கும். பூவோட, குலையோட.”

சிவானந்தம் அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சுங்கை சோவில் ஒரு பக்கத்து உறவு முழுவதும் இரண்டு மரங்களைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு, அதைச் சுகுமாறன் யாரிடமும் சொன்னதில்லை. மண்டபத்தை விஷாலினியும் ஷர்வினுமே பிடித்துவிட்டார்கள். சாப்பாடு, புடவை, போட்டோக்காரன், அழைப்பிதழ் எல்லாம் இருவரும் போனிலேயே பேசி முடித்துவிட்டு, “அப்பா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க, எல்லாம் செட்டில்ட்,” என்றார்கள். டென்ஷன் ஆவதற்காகவே இருபத்தேழு வருடம் காத்திருந்த மனிதருக்கு, அந்தக் கல்யாணத்தில் மிஞ்சிய வேலை அந்த வாழை மட்டும்தான்.

ஆடி பிறப்பதற்குள் ஆறும் பூத் தள்ளின. முரியல் வேலியோரம் துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்து, “அழகா தள்ளியிருக்கு அண்ணே,” என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு மரம் கீழே கிடந்தன. கிழங்கைத் தோண்டி, மென்று, துப்பி, தண்டைக் கிழித்துப் போட்டிருந்தது. சுற்றிலும் குளம்பு குளம்பாகத் தடம். குட்டிகளின் தடம் அழகாகக்கூட இருந்தது.

“பன்னி,” என்றார் மனைவி நவமணி.

சுகுமாறன் குந்தி உட்கார்ந்து தடத்தை விரலால் அளந்தார். நெடுநேரம் யோசித்தார்.

“பன்னி கருவிதான் நவமணி. காரணம் கண்ணு.”

“என்னா கண்ணு?”

“நேத்து அந்தம்மா வந்து அழகா தள்ளியிருக்குன்னு சொன்னிச்சுல்ல. பன்னெண்டு வருஷம் வராத பன்னி அடுத்த நாளே வருது. நீயே கணக்குப் போட்டுக்க.”

முரியல் கொட்டுவதை நிறுத்தியும் நாலு வாரம் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

கருவிக்குத் தனியாகவும் காரணத்துக்குத் தனியாகவும் ஏற்பாடு செய்வதுதான் முறை. கருவிக்கு இடுப்புயரக் கம்பிவலை வந்தது. புக்கிட் ரோத்தான் முடிவெட்டும் கடையிலிருந்து ஒரு மூட்டை மயிரும் வந்தது. மனித வாசனைக்குப் பன்றி கிட்டே வராது என்று கடைக்காரர் உறுதி சொல்லியிருந்தார். சுகுமாறன் அதை வேலியோரமெங்கும் தூவினார். இரண்டு நாள் நவமணியின் ரசத்தில் யாரோ ஒருவருடைய நரை கிடந்தது.

காரணத்துக்குப் பூசணிக்காய்.

ஆடி வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம். நல்ல பெரிய வெள்ளைப் பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, இருபது காசு நாணயம் ஒன்றை உள்ளே போட்டு, மேலே சூடம் ஏற்றி, மிஞ்சிய நான்கு வாழைகளையும் மூன்று சுற்றுச் சுற்றி வந்தார் சுகுமாறன். பின்வாசல் கேட்டுக்கு வெளியே தார்த் தரையில் ஓங்கி உடைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. பார்த்தால் கழித்ததெல்லாம் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும். நேராக உள்ளே போய்க் காலைக் கழுவிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் வந்து பார்த்தால் தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு துண்டு இல்லை, ஒரு விதை இல்லை. இருபது காசு மட்டும் அப்படியே கிடந்தது.

“பாத்தியா,” என்றார் நவமணியிடம், நாணயத்தைக் காட்டி. “எவ்வளவு திருஷ்டி இருந்திருந்தா முழுசா எடுத்துக்கிட்டுப் போயிருக்கும். அதுக்குக் காசு வேண்டாம். அது அந்த மாதிரி இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மரம் போயிற்று. கம்பிவலைக்கு அடியில் தோண்டி வந்திருந்தது. முடி வாசனையைப் பற்றிப் பன்றிகளுக்குத் தகவல் இல்லை போலும்.

தொழிற்சாலையில் ஒரு தொகுதியில் குறை வந்தால் சோதனையை இரட்டிப்பாக்குவார்கள். சுகுமாறனும் இரட்டிப்பாக்கினார். இனி வெள்ளி மட்டுமல்ல, செவ்வாயும். ஆடி மாதமாதலால் கடையில் வெள்ளைப் பூசணி தீர்ந்துபோய், கடைக்காரர் மஞ்சள் பூசணியைக் கொடுத்தார். “இது இன்னும் ஸ்வீட் அண்ணே,” என்றார். திருஷ்டிக்கு இனிப்பு புளிப்பு ஏது என்று சுகுமாறன் வாங்கி வந்தார். செவ்வாய் உடைத்தார். புதன் காலையில் நான்காவது மரம் இல்லை.

எக்செல்லில் நான்கு கட்டம் சிவப்பு. கையிருப்பு தீர்ந்தது, கையிருப்புக்குக் கையிருப்பும் தீர்ந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தோரு நாள்.

“அப்பா, ஓகே லா,” என்றாள் விஷாலினி. “டெக்கரேட்டர்கிட்ட ஆர்ட்டிஃபிஷியல் இருக்கு. யாரும் க்ளோஸா பாக்க மாட்டாங்க.”

“ஷர்வின் வீட்டுல பாப்பாங்க.”

“அவங்க ஆன்ட்டிமார் பாப்பாங்கதான்,” என்று விஷாலினி ஒப்புக்கொண்டாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை சுகுமாறன் இருந்ததிலேயே பெரிய மஞ்சள் பூசணியாக வாங்கி வந்தார். குங்குமத்தை இரண்டு பொட்டலமாகப் போட்டார். மிஞ்சிய இரண்டு மரங்களையும் மூன்றுக்குப் பதில் ஒன்பது சுற்றுச் சுற்றினார். உடைத்தார். திரும்பினார்.

“அண்ணே.”

வேலிக்கு அந்தப் பக்கம் முரியல், கையில் துணிக் கூடையோடு.

“இப்பப் பேசக் கூடாது,” என்றார் சுகுமாறன் நேராகப் பார்த்தபடி.

“பேசல. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்க.”

“பாக்கக் கூடாது முரியல். உங்களுக்குத் தெரியாது, இது எங்க பக்கத்து வழக்கம்.”

“தெரியும் அண்ணே. எங்க வீட்டு மாடிச் சன்னல்ல இருந்து ஒரு வாரமா நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் பாருங்க லா.”

சுகுமாறன் முதலில் கண்ணை மட்டும் திருப்பினார். அது போதவில்லை. கழுத்தையும் திருப்பினார்.

சாக்கடையிலிருந்து ஏறி ஒரு பெரிய பெண்பன்றி வந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லாமல், நேரம் தெரிந்து வருகிற நடை. பின்னால் ஐந்து குட்டிகள், வரிசையாக. தாய் பூசணித் துண்டில் வாயை வைத்தது. குட்டிகள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டன. சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்த துண்டை மட்டும் அணையட்டும் என்று ஒதுக்கி வைத்தன. சாப்பிட்டு நிமிர்ந்தபோது ஆறு மூக்கும் சிவப்பு. ஒரு குட்டிக்குக் குங்குமம் சரியாக இரண்டு கண்ணுக்கும் நடுவில் அப்பியிருந்தது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தார்கள்.

தாய் நாணயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பிறகு கம்பிவலைக்கு அப்பால் நின்ற இரண்டு வாழைகளை நிமிர்ந்து பார்த்தது. இலையில் அடுத்து என்ன வரும் என்று பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

சுகுமாறன் கையிலிருந்த குங்குமத் தட்டைக் கேட்டில் அடித்தார். பன்றிகள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த நடையிலேயே சாக்கடைக்குள் இறங்கின.

முரியல் துணிக் கூடையைக் கீழே வைத்தார்.

“நான் தூரத்துல வச்சு அனுப்பிக்கிட்டு இருந்தேன்,” என்றார் முரியல். “நீங்க வாசல்ல வச்சுக் கூப்பிடுறீங்க. சூடம் ஏத்தி.”

“முன்னாடியே சொல்றதுக்கு என்னா?”

“உங்க சாமி விஷயத்துல நான் எப்படி அண்ணே வாயை வைக்கிறது? அப்புறம் அதுக்கும் ஒரு தீர்மானம் போடுவீங்க.”

“நீங்க போடுறத நிறுத்துனதாலதான் இதெல்லாம் வந்துச்சு.”

“நிறுத்தச் சொன்னது யாரு?”

“சங்கம்.”

“மினிட்ஸ்ல யாரு கையெழுத்து?”

சுகுமாறன் தட்டில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் தட்டிவிட்டார். இரண்டு வாழைகளையும் பார்த்தார். காற்றில்லாமல் நின்றுகொண்டிருந்தன. ஒன்றில் பூவின் ஒரு மடல் லேசாகச் சுருண்டு, உள்ளே சீப்புத் தெரிந்தது.

“சும்மா கேக்குறேன்,” என்றார். “நீங்க போட்டப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“ஒரு பேசன்.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறே முக்கால். ஏழுக்கு மேல லேட்டானா அதுங்களே கேட்டு வந்துரும்.”

“மூணாவது வரிசை?”

“மூணாவது வரிசை. எதுக்கு அண்ணே?”

“மினிட்ஸ்ல பதிவு பண்ணணும்.”

“ஓ,” என்றார் முரியல். துணிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்கடுத்த நாட்களில் என்ன நடந்தது என்பதற்கு மினிட்ஸில் பதிவு எதுவும் இல்லை. செவ்வாய் வெள்ளிப் பூசணி நின்றுபோயிற்று; திருஷ்டி முழுவதும் கழிந்துவிட்டது என்று சுகுமாறன் நவமணியிடம் விளக்கினார். வேலிக் கம்பங்களுக்குச் சாயம் அடிக்கிறேன் என்று தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு பெரிய சாயத் தகர டின்னோடு பின்வாசல் வழியே போனார். கம்பங்கள் மொத்தம் எட்டு. பத்தாம் நாள்வரை அதில் எதுவும் நிறம் மாறவில்லை. நவமணி கேட்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கும்போது இரண்டு கிலோ கூட வாங்கினார், தோலைத் தடியாகச் சீவினார்.

எக்செல்லில் இரண்டு கட்டம் கடைசிவரை பச்சையாக இருந்தன.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் சுகுமாறன் இரண்டு மரங்களையும் தம் கையால் வெட்டினார். பெர்னாட் லோரியில் மெத்தை விரித்து, அதன்மேல் படுக்கவைத்து, ராவாங் மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் நாற்பதுக்குமேல் போகாமல் ஓட்டினார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. “அடிக்கட்டும் அண்ணே,” என்றார் பெர்னாட், “பொண்ணு தூங்குது.”

மறுநாள் மண்டப வாசலில் இரண்டு ரஸ்தாளியும் நின்றன. பூ தொங்க, குலை சரிய, இலை கிழியாமல். சுங்கை சோ உறவு முழுவதும் வரிசையில் நின்று கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தது. ஒரு ஆன்ட்டி நகத்தால் கீறியே பார்த்துவிட்டு, பால் வந்ததும் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

விஷாலினி காரிலிருந்து இறங்கி வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். பின்னால் போட்டோக்காரன், “சிஸ்டர், மூவ் பண்ணுங்க,” என்றான். அவள் நகரவில்லை. அண்ணாந்து குலையைப் பார்த்தாள். வளையல் போட்ட கையை மரத்தின்மேல் ஒரு தடவை வைத்து எடுத்தாள். சுகுமாறன் அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கனவே இறுக்கமாக இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பந்தியில் சிவானந்தம், “உங்க பக்கம் எஸ்டேட்டுதானே சம்பந்தி? காட்டுப்பன்னித் தொல்லை இல்லையா?” என்று கேட்டார்.

“பன்னிக்கு இடம் குடுத்தாத்தான் சம்பந்தி தொல்லை,” என்றார் சுகுமாறன். பிறகு, திட்டமிடல், வேலி, கட்டொழுங்கு, சமுதாயம் ஆகியவற்றைப் பற்றி, சாம்பாரிலிருந்து பாயாசம்வரை பேசினார். எதிர் வரிசையில் முரியல் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பெர்னாட் மட்டும் நிமிர்ந்து, “அண்ணன் சொல்றது சரிதான்,” என்றார்.

மூன்று நாள் கழிந்தது. விஷாலினி சுங்கை சோவுக்குப் போய்விட்டாள். கோர்னர் லோட்டுப் பின்பக்கத்தில் காப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு அடித்தண்டும் நான்கு குழிகளும் இருந்தன. வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஆறே முக்காலுக்குச் சுகுமாறன் சோபாவிலிருந்து எழுந்தார்.

“எங்கங்க?” என்றார் நவமணி.

“குப்பை.”

டின்னை எடுத்துக்கொண்டு பின்சந்தைத் தாண்டினார். மழை பெய்து விட்டிருந்தது. செம்பனைக்குள் எங்கோ உறுமல் கேட்டது. சாக்கடைப் பலகையின் அந்தக் கோடியில் ஒருவர் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். முரியல், கையில் காலிப் பேசன்.

இருவருமே கொஞ்சம் நின்றார்கள். சுகுமாறன் டின்னை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். முரியல் பலகையைக் கடந்து வந்து, அவரைத் தாண்டிப் போகும்போது, அவர் முகத்தையும் டின்னையும் பார்க்காமல் சொன்னார்.

“நடுவுல வழுக்குது அண்ணே. இடது பக்கமா மிதிங்க.”

சுகுமாறன் இடது பக்கமாக மிதித்தார்.